வீட்டின் அடியில் ஏறும் ஓதமும் விதை மூட்டையும்



சொர்ணவாரி அறுவடை முடிந்து, அடுத்த பட்டத்துக்கான விதைநெல்லை எடுத்து வைத்திருப்பீர்கள். மேட்டுக்கொல்லையில் ஆடிப்பட்டத்து மணிலா இன்னும் சில நாளில் பிடுங்கலுக்கு வரும். அதற்குள் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடும். ஆக, நம் செங்கல்பட்டுச் சீமையில் விதை வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலமும், வீடு முழுக்க நனைந்து கிடக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தை மாதம் நாற்று விடும்போது பாதி விதை முளைக்கவில்லை என்றால், "விதை சரியில்லை சார்" என்று எங்களிடம் வருகிறீர்கள். விதை வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சாய்த்து வைத்த சுவரும், அடுக்கி வைத்த தரையும்தான் அதைக் கெடுத்தன. இன்று பயிரை விட்டுவிட்டு வீட்டின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

சுவரின் அடியில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதைத்தான் ஓதம் என்கிறோம். விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறது? திரியில் உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக எண்ணெய் தானே ஏறுகிறது. செங்கல்லும் மண் சுவரும் அப்படிப்பட்ட திரிதான். அடிவாரத்து மண் ஈரமாக இருக்கும் வரையில் சுவர் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை ஏறும். அதற்கு மேல் ஏறுவதற்குள் காற்றில் காய்ந்துவிடும்.

தண்ணீர் காய்ந்து போகிறது. ஆனால் அதோடு கரைந்து வந்த உப்பு போவதில்லை. சுவரிலேயே தங்கி, படிகமாகி, செங்கல்லின் துளைக்குள் பருத்து, மேல் தோலை உடைக்கிறது. ஒரு மழைக்காலத்தில் கொஞ்சம், அடுத்த மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம். சதுரங்கப்பட்டினம், வாயலூர், மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் இரட்டைத் தொல்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவே மணல் பூமி. மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. போதாததற்குக் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது.

இன்னொன்று. அடுக்களை உப்பு ஜாடியைக் கவனித்திருப்பீர்கள். மழை இல்லாத நாளிலும் சில காலையில் உப்பு கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றில் உள்ள நீரைத் தானே இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பு ஏறிய சுவரும் அதையே செய்கிறது. அதனால்தான் கடலோர வீட்டில் சித்திரை மாதத்திலும் சுவரடி சில்லென்று இருக்கிறது. "மழையே இல்லியே, சுவரு ஏன் அழுவுது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

வைத்தியத்துக்கு முன் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கறை மேலிருந்து கீழே இறங்கினால் அது கூரை ஒழுக்கு. தரையிலிருந்து ஏறி, ஒரே மட்டத்தில் அலை போன்ற கோடு போட்டு நின்றால் அது மண்ணிலிருந்து வரும் ஓதம். தரைக்கும் ஒரு சோதனை உண்டு, செலவே இல்லை. இரண்டு அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் மண் ஈரம் மேலே வருகிறது. அடி காய்ந்திருந்து தாளின் மேல்புறம் மட்டும் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் தரையில் படிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மண் ஈரம் என்று தெரிந்தவுடன் பலர் செய்யும் முதல் காரியம், கொத்தனாரைக் கூப்பிட்டு, பொரிந்த பகுதியைக் கொத்திவிட்டு இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு பூசுவது. இன்னும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஆறு மாதம் பளபளவென்று இருக்கும். பிறகு என்ன ஆகிறது? சுவர் குடித்த தண்ணீர் வெளியே காய வழியில்லை. எங்கே வழி இருக்கிறதோ அதுவரை ஏறுகிறது. முன்பு இரண்டடியில் நின்ற ஓதம் நாலடி, ஐந்தடிக்குப் போய், கதவு நிலையையும் சுவிட்சுப் பலகையையும் தொடுகிறது. மண் சுவராக இருந்தால் இன்னும் மோசம். சிமெண்டு ஓட்டுக்குள்ளே மண் குழைந்து கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மழைக்காலந்தோறும் சுவர் இடிந்து உயிர்ச்சேதம் என்று செய்தி வருகிறதே, அடி கரைந்த சுவர்தான் அப்படி விழுகிறது. உங்கள் சுவரின் அடி உட்குழிந்து, மேற்பாகம் துருத்திக்கொண்டு நின்றால், அடைமழை நாட்களில் அந்தச் சுவரோரம் குழந்தைகளைப் படுக்க விடாதீர்கள். விதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பூச்சு வேலை கடைசி. முதல் வேலை வீட்டுக்கு வெளியே.

ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? குளிக்கும் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது? முன்பு கிணற்றிலிருந்து குடம் குடமாக எடுத்த காலத்தில் தண்ணீரை அளந்து செலவழித்தோம். இப்போது பல வீட்டு வாசலுக்கே குழாய் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் வந்த தண்ணீர் வெளியே போக வழி வந்திருக்கிறதா? சுவரோரமே தேங்கி ஊறுகிறது. சிக்கனமாக இருக்கட்டும் என்று அந்த இடத்தில் இரண்டு வாழையும் நட்டுவிடுகிறோம். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு பாட்டி, "வாழ நல்லா வருது தம்பி, வூடுதான் வீணாப் போவுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வாழைக்குப் பாய்வதும் சுவருக்குப் பாய்வதும் ஒரே தண்ணீர்தான் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழையைப் பத்தடி தள்ளி வைத்துத் தண்ணீரை அங்கே ஓட்டிவிடுங்கள். இடம் இல்லாதவர்கள் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி உறிஞ்சு குழி எடுத்து, உடைந்த செங்கல், ஜல்லி போட்டு நிரப்பலாம். மணல் பூமியில் அது நன்றாக உறிஞ்சும். ஆனால் குடிதண்ணீர் கிணற்றுக்கு அருகில் எடுக்கக் கூடாது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் பள்ளமான இடத்தில் உறிஞ்சு குழி வேலை செய்யாது, வாய்க்கால்தான் வழி.

தெரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பழைய சிமெண்டு சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு அரை அடி உயர்கிறது, வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் முழுதும் திண்ணை அடிக்கு வந்து சேர்கிறது. இதை ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்க முடியாது. கிராம சபையில் நான்கு பேராக எழுந்து, பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வடிகாலோடு போடுங்கள் என்று கேட்க வேண்டும். சாலை போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. போடுவதற்கு முன் கேளுங்கள்.

சுவரை ஒட்டிக் குவித்த எருக்குப்பை, வைக்கோல், மண், விறகு எல்லாவற்றையும் அகற்றுங்கள். வெளித்தரை எப்போதும் உள்தரையை விட ஒன்றரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லி கெட்டித்து, வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போட்டால் கூரைத் தண்ணீர் சுவரடியில் இறங்காது. காசு இல்லாவிட்டால் களிமண்ணைச் சாய்வாக அடித்துக் கெட்டித்தாலும் ஓரளவு பலன் உண்டு. வடிகால் வெட்டுவதானால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். ஓதத்தை விரட்டப் போய் வீட்டைச் சாய்த்துக்கொள்ள வேண்டாம்.

வெளித் தண்ணீரை ஒதுக்கிய பிறகு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்து, பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். சுண்ணாம்புக்கு மூச்சு உண்டு. சுவரின் ஈரம் அதன் வழியாகக் காயும், உப்பும் சுவரில் தங்காமல் பூச்சிலேயே வந்து தங்கும். சில வருடத்தில் அந்தப் பூச்சு கெட்டுப்போகும், உண்மைதான். செருப்புத் தேய்கிறது என்று காலையா வெட்டுகிறோம்? பூச்சை மாற்றிக்கொள்ளலாம், சுவரை மாற்ற முடியாது. மேலே எண்ணெய் பெயிண்டு அடித்து அந்த மூச்சையும் அடைத்துவிடாதீர்கள், வெள்ளையடித்தாலே போதும். சாந்து குழைக்க உப்புத் தண்ணீரோ, கரையோர மணலோ உதவாது.

சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைக் கண்ணால் காட்டலாம். டச்சுக்காரர் கோட்டைக்குள் இரண்டு பெரிய கிடங்குகள் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1824ம் வருட உடன்படிக்கையில் அந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. வேடிக்கையாக, இங்கிலாந்தில் போர்ட்லண்டு சிமெண்டுக்கு முதல் உரிமம் வாங்கியதும் அதே 1824ல்தான். ஆக, அந்தக் கிடங்குகள் கட்டியபோது இன்றைய சிமெண்டே கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பழைய வீடு வைத்திருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு கொத்தனாரிடம் பேசுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வாங்கி ஊறவைத்து உபயோகிக்கலாம்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வேலை சுலபம். அடிமனை முடிந்து சுவர் எழும்பும் மட்டத்தில், சுவர் அகலம் முழுவதும் ஒன்றரை அங்குல கனத்துக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் கான்கிரீட்டு போட்டு, அதில் நீர்த்தடுப்புச் சரக்கும் சேர்த்து, காய்ந்தபின் மேலே சூடான தார் பூச வேண்டும். உள்சுவர்களுக்கும் விடாமல் போட வேண்டும். இதுதான் ஓதத்தை மறிக்கும் அணை. பிறகு வெளியே மண்ணைக் கொட்டி அந்த அணைக்கு மேல் உயர்த்திவிட்டால், ஓதம் பக்கவாட்டில் ஏறிக்கொள்ளும். தார் மட்டத்துக்கு அரை அடி கீழேயே வெளித்தரை நிற்கட்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் பெரியவர்கள் குதிரைத் தரையில் வைக்கவில்லை, கல் அடுக்கி அதன் மேல் வைத்தார்கள். பத்தாயத்துக்குக் கால் உண்டு. அடியில் காற்றும் பூனையும் போய்வர இடம் விட்டார்கள். இன்று குதிரும் இல்லை, பத்தாயமும் இல்லை. சாக்கு மூட்டையை நேரே சிமெண்டு தரையில் போட்டு, சுவரில் சாய்த்துவிடுகிறோம். சிமெண்டு தரை காய்ந்தது என்று எண்ணம். அது வெறும் கண்ணுக்குக் காய்ச்சல். அடி மூட்டையைப் புரட்டினால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும்.

நம் பக்கத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. சவுக்குக் கழியால் முழங்கால் உயரத்தில் ஒரு பரண் கட்டுங்கள். கழியின் கால் நேரே மண்ணில் நின்றால் ஈரமும் ஏறும், கரையானும் ஏறும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கல், கல்லின் மேல் ஒரு துண்டுத் தார்த் தாள் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். சுவருக்கும் பரணுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். இவ்வளவுதான் வேலை.

ஆனால் பரணுக்கு அடியில் உள்ள அந்த இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். காலி இடம் கண்டால் நம் கை சும்மா இருக்காது. பழைய ஸ்பிரேயர், கிழிந்த சாக்கு, உடைந்த குடம், வெங்காயம் எல்லாம் அங்கே போகும். ஆறு மாதத்தில் அது எலிக்குக் குடித்தனம், கரையானுக்கு மாளிகை.

அமெரிக்காவில் பல வீடுகளை இப்படிக் குறுந்தூண்களின் மேலும் குட்டைச் சுவரின் மேலும் தூக்கிக் கட்டி, அடியில் ஒருவர் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் விடுகிறார்கள். அந்த இடத்துக்குக் காற்றுத் துவாரம் வைத்தால் ஈரம் தானே போய்விடும் என்றுதான் அங்கே நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் வெப்பமும் புழுக்கமும் உள்ள தென்பகுதிகளில் நேர்மாறாக நடந்தது. வெளியே உள்ள ஈரக்காற்று அடியில் புகுந்து, குளிர்ந்த மரத்தில் நீராகப் படிந்து, மரத்தை உளுக்க வைத்தது. குளிர்ந்த மோர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே கதை. இப்போது அங்கே முதலில் மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் முழுக்க மூடச் சொல்கிறார்கள், பிறகுதான் காற்று பற்றிப் பேசுகிறார்கள். நம் கடலோரத்துப் புழுக்கமும் அதே ஜாதிதான்.

எனவே பரணுக்கு அடியில், மண் தரையாக இருந்தாலும் சிமெண்டு தரையாக இருந்தாலும், கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவர் வரை விரித்துவிடுங்கள். இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். யூரியா மூட்டையின் உள்பையைப் பிரித்து விரிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒட்டியிருக்கும் யூரியாவே ஈரத்தை இழுக்கும். ஜன்னல் விஷயத்தில், வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை திறந்து விடுங்கள். மழை நாளிலும், கடற்காற்று பிசுபிசுக்கும் இரவிலும் மூடி வையுங்கள். "காத்தோட்டம் நல்லதுதானே" என்று எந்நேரமும் திறந்து வைத்தால் ஈரத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல ஆகும்.

வீடு எவ்வளவு காய்ந்திருந்தாலும் விதை ஈரமாக இருந்தால் பயனில்லை. சாதாரணச் சாக்கில் வைக்கும் நெல் விதையில் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மணிலா விதைக்கு 9 சதவீதம். காற்றுப் புகாத பையில் கட்டுவதானால் இன்னும் காய வேண்டும், நெல்லுக்கு 8, மணிலாவுக்கு 5. ஈரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை விஞ்ஞானிகள் சொல்லும் மோட்டாக் கணக்கு. மணிலா விதையைக் காயாகவே வையுங்கள், விதைக்கும் சமயத்தில் உடைத்தால் போதும்.

ஈரமானி எங்களிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அதற்கு ஒரு வழி. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டிலின் உட்புறம் ஒட்டிக்கொண்டால் நெல்லில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. மறுபடி வெயிலில் போடுங்கள். ஒட்டாவிட்டாலும் விதைக்கு இன்னும் ஒரு வெயில் கொடுப்பது நல்லது, ஏனென்றால் விதைக்கு வேண்டியது 15 அல்ல, 13.

பூசணம் பிடித்த மணிலாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1960ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், தீவனத்தில் கலந்த பூசணம் பிடித்த மணிலாப் புண்ணாக்கில் நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர். ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்க அழியாது. "நமக்குத்தானே ஆவாது, மாட்டுக்குப் போடலாம்" என்று எண்ணாதீர்கள். மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் பேரப்பிள்ளை. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பிடித்த பருப்பைக் குழி தோண்டிப் புதையுங்கள். விதை மூட்டையில் வேப்பிலையும் நொச்சியும் போடும் வழக்கம் நல்லது, பூச்சிக்கு ஓரளவு உதவும். ஓதத்துக்கு உதவாது.

கரையான் மண்குழல் சுவரில் தெரிந்தால், சுரண்டிவிடுவதோடு நிறுத்தாமல் அது எந்த ஈரத்தை நாடி வருகிறது என்று தேடுங்கள். பழைய நாளில் போட்ட ஆல்டிரின், பி.எச்.சி. போன்ற மருந்துகள் இப்போது தடை செய்யப்பட்டவை. யாராவது மிச்சம் வைத்திருந்து கொடுத்தாலும் வீட்டுக்குள் தூவாதீர்கள்.

இதெல்லாம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல, வருடாவருடம் உண்டு. புரட்டாசியில் வடிகாலைத் தூர் எடுத்து, சுவரடிச் சாய்வைச் சரி செய்து, ஓட்டை மாற்றி, பரணுக்கு அடியைக் கூட்டித் தாளில் கிழிசல் இருந்தால் ஒட்ட வேண்டும். அடைமழையில் வாரம் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பரணடியைப் பாருங்கள், மூக்கையும் உபயோகியுங்கள், பூசண வாடை கண்ணுக்கு முன்னால் சொல்லிவிடும். தை பிறந்து வெயில் வந்ததும் மூட்டைகளை இறக்கி ஒரு காய்ச்சல் கொடுத்து மறுபடி அடுக்குங்கள். கோடையில் சுண்ணாம்பு வேலை. சுவரில் ஓதம் நிற்கும் கோட்டின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதி வைத்தால், அடுத்த வருடம் அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரியும். ஒரே வருடத்தில் இறங்காது. இரண்டு மூன்று கோடை ஆகலாம்.

விதைக்கு முன் முளைப்புத் திறன் பார்க்க வேண்டும் என்பவர்கள், ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து வீட்டிலேயே எண்ணலாம். நெல்லில் எண்பதுக்குக் குறைந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு படி விதையோடு வாருங்கள். ஈரத்தை அளந்து சொல்கிறோம். வரும்போது அந்த மூட்டை வீட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் கவனித்துவிட்டு வாருங்கள்.